ராயபுரம் காற்றில் பழைய மஹாகனி எழுத்து மேசை

இங்கிலாந்தில் செய்த மஹாகனி எழுத்து மேசை, அதன் தலையில் கண்ணாடிக் கதவு வைத்த புத்தக அலமாரி. வடசென்னைக் கடலோரத்து ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் இப்படி ஒன்று வீட்டில் இருந்தால், ஐப்பசி கார்த்திகையில் இழைப்புளியைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

மழைக்காலத்தில் டிராயர் இறுகும். மரம் நீளவாட்டில் அசைவது மிகக் குறைவு. நாருக்குக் குறுக்கேதான் உப்பும். டிராயரின் பக்கப் பலகைக்கு அந்தக் குறுக்குவாட்டுதான் உயரம் என்பதால் மேல்விளிம்பு போய்ப் பிடிக்கிறது. அதைச் சீவிவிட்டால் சித்திரை வெயிலில் டிராயர் லொடலொடக்கும். இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துப் பிடித்து, நேராக, மெல்ல இழுங்கள். அடிவிளிம்பிலும் அது ஓடும் சட்டத்திலும் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசி சேர்ந்து பிசினாகிவிடும். மாசி வந்தும் இறுகினால் ஓட்டச்சட்டம் தேய்ந்திருக்கலாம்; ஆசாரியிடம் காட்டுங்கள்.

எழுதும் சாய்பலகையை இறக்குமுன் இருபுறத் தாங்குகட்டைகளையும் முழுக்க வெளியே இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் பாரம் முழுவதும் கீலில் விழுந்து, திருகு மரத்தோடு பிய்ந்துவரும்.

கழன்ற மூட்டில் வெள்ளைப் பசை ஊற்றக் கூடாது. அந்தக் காலத்தில் ஒட்டியது வஜ்ரம், அதாவது விலங்குத் தோல், எலும்பு காய்ச்சி எடுத்த பசை. ஒரு பங்கு வஜ்ரத்தை இரண்டு பங்கு தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி சூட்டில் இளக்குங்கள். கொதித்தால் பிடிமானம் போய்விடும். பழைய வஜ்ரத்தின்மேல் புதியது நன்றாகப் பிடிக்கும், பின்னாளில் பிரிக்கவும் சூடும் ஈரமும் போதும். வெள்ளைப் பசையில் இந்த இரண்டுமே நடக்காது.

பாலிஷ் எதுவென்று தெரிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒற்றுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவிய முறை அது. உப்புத்தாள் போட்டால் பல தலைமுறையாக ஏறிய நிறம் ஒரே பகலில் போய்விடும், திரும்பாது. தேன்மெழுகு 100 கிராம், டர்பன்டைன் 200 மில்லி. மெழுகை வெந்நீரில் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்த பிறகே டர்பன்டைன் சேருங்கள், அது சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது. ஆண்டுக்கு ஒருமுறை மெல்லிசாகப் பூசித் துடைத்தால் போதும்.

ஓதம் ஏறும் சுவரிலிருந்து அரைச் சாண் தள்ளி வையுங்கள். முதுகுப் பலகை பெரும்பாலும் பைன் அல்லது ஓக். பூச்சி அங்கேதான் தொடங்கும். தரையில் வெளிர்மாவு புதிதாக விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது.

இடம் மாற்றும்போது புத்தகங்களையும் டிராயர்களையும் எடுத்துவிட்டு, பின்பக்கத் திருகு இருந்தால் கழற்றி, மேல் அலமாரியைத் தனியாகத் தூக்குங்கள். இழுத்தால் முதலில் ஒடிவது கால்.