கிலோவொட் வேறு, யூனிட் வேறு: கரண்ட் பில்லில் தொடங்கும் குழப்பங்கள்

"எங்கள் வீட்டில் மாதம் 90 கிலோவொட் ஓடுகிறது." வெள்ளவத்தை ஃபிளாட் லிஃப்டுகளில் இப்படிப் பேச்சு காதில் விழும். 90 கிலோவொட் என்றால் சுமார் 25 சுடுதண்ணி ஹீட்டர்களை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். அவர் சொல்ல நினைத்தது 90 கிலோவொட் மணி, அதாவது 90 யூனிட்.

கிலோவொட் என்பது மின்சாரத்தை எந்த வேகத்தில் இழுக்கிறோம் என்பது. யூனிட் என்பது இழுத்து முடித்த அளவு. 3,500 வொட் ஹீட்டர் பத்து நிமிடம் ஓடினால் 0.58 யூனிட். 60 வொட் ஃபேன் இரவு முழுக்கப் பத்து மணித்தியாலம் சுழன்றால் 0.6 யூனிட். ஃபேனை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டிவிட்டு, ஹீட்டருக்குக் கீழே அரை மணி நேரம் நிற்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மீட்டரிலும் பார்க்கலாம். டிஜிட்டல் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்பது முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அது 1000 என்றால், ஹீட்டர் மட்டும் ஓடும்போது ஏறக்குறைய நொடிக்கொரு தடவை மின்னும். அதை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் விட்டால், அடுத்த மின்னலுக்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

"மணிக்கு 2 கிலோவொட்" என்று சொல்வது இன்னொரு தவறு. ஒரு வொட் என்றாலே நொடிக்கு ஒரு ஜூல் (ஜூல் என்பது சக்தியை அளக்கும் அலகு). நேரம் அதற்குள்ளேயே இருக்கிறது. த்ரீவீல் "மணிக்கு மணிக்கு 40 கிலோமீட்டர்" போகிறது என்று யாராவது சொல்வார்களா?

பெயரை வைத்து, ஜேம்ஸ் வொட்தான் மின்சார அளவையைக் கண்டுபிடித்தார் என்று நினைப்பவர்கள் பலர். அவர் நீராவி எஞ்சின்காரர், 1819இல் இறந்தவர். தன் எஞ்சினைக் குதிரையோடு ஒப்பிட்டு விற்பதற்காக அவர் பயன்படுத்திய அளவு குதிரைத்திறன்: நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல், இன்றைய கணக்கில் சுமார் 746 வொட். அவர் பெயரை மின்திறனுக்கு வைக்கலாம் என்று வில்லியம் சீமென்ஸ் பிரிட்டனில் முன்மொழிந்தது 1882இல். யூனிட் என்று நாம் சொல்வதும் அங்கிருந்து வந்ததுதான். 1,000 வொட் மணி என்ற அளவுக்கு 'போர்ட் ஒஃப் ட்ரேட் யூனிட்' என்ற பெயர் அங்கே இருந்தது.

தண்ணி மோட்டார் இன்னமும் எச்பியில்தான், அதாவது அதே குதிரைத்திறனில்தான் விற்கிறது. அரை எச்பி என்றால் 373 வொட்தான் இழுக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அது மோட்டார் வெளியே தரும் வேலை. உள்ளே எடுப்பது அதைவிடக் கூட.

செய்தி எழுதுபவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கோபம். நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையம் "நாளொன்றுக்கு 900 மெகாவொட் தயாரிக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். 900 மெகாவொட் அதன் மூன்று இயந்திரங்களின் மொத்தக் கொள்ளளவு. மூன்றும் 24 மணித்தியாலமும் முழுத்திறனில் ஓடினால் கிடைப்பது 216 இலட்சம் யூனிட். ஓர் இயந்திரம் பழுதென்றால் கணக்கே வேறு.

காசு அதிகம் போவது சோலாரில். கூரையில் 5 கிலோவொட் போட்டால் எப்போதும் 5 கிலோவொட் வரும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த எண், சதுர மீட்டருக்கு 1,000 வொட் வெயில், பலகையின் சூடு 25 பாகை என்ற ஆய்வுகூட நிலைக்கானது. கொழும்புக் கூரையில் மத்தியானம் பலகை அதைவிட நன்றாகவே சூடேறும்; சூடேற ஏற விளைச்சல் குறையும். நிழல் இல்லாவிட்டால் கிலோவொட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் போல, மொத்தம் 20 என்று வைத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள். மழைக்காலத்தில் அதுவும் வராது.

அப்புறம் ஜெனரேட்டர். 2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை நீண்டபோது பலர் அவசர அவசரமாக வாங்கினார்கள். அதில் கேவிஏ (கிலோவொல்ட் அம்பியர்) என்று போட்டிருந்தால் அதைக் கிலோவொட்டாக எடுக்கக் கூடாது. கேவிஏயில் எத்தனை பங்கு உண்மையான கிலோவொட் என்பதைச் சொல்வது திறன் காரணி; அது 0.8 என்றால் 5 கேவிஏ ஜெனரேட்டர் தருவது 4 கிலோவொட்தான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கப் போகிறவர்கள் "எத்தனை கிலோவொட்?" என்று கேட்டு, தகட்டில் எழுதியிருப்பதையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.