பழைய மின்வாகன பேட்டரியில் மின்சாரம் சேமிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் இருந்த கொள்ளளவில் 70 முதல் 80 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்ட மின்வாகன பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றிவிடுவது வழக்கம். ஓரிடத்தில் நின்றபடி சூரிய மின்சாரத்தையோ காற்றாலை மின்சாரத்தையோ சேமிப்பதற்கு எடை ஒரு பொருட்டல்ல என்பதால், அதே பேட்டரி மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆம்ஸ்டர்டாமின் யோஹான் கிரைஃப் அரங்கில் 2018-இல் அமைக்கப்பட்ட 3 மெகாவாட் சேமிப்பகத்தில், நிசான் லீஃப் கார்களில் ஓடிய பேட்டரிகளும் புதியவற்றோடு சேர்க்கப்பட்டன.

'80 விழுக்காடு' என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்குவதே பெரிய தவறு என்பேன். அது பெரும்பாலும் வண்டியின் மென்பொருள் போட்ட மதிப்பீடு. பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனிச் செல்லின் நிலையை அது சொல்வதில்லை. தொடரிணைப்பில் உள்ள 100 செல்களில் 99 நன்றாக இருந்து ஒன்று மட்டும் நலிந்திருந்தால், அந்த ஒன்று காலியானதுமே, பேட்டரியைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பான பி.எம்.எஸ். மொத்த வரிசையையும் நிறுத்திவிடும். மற்ற செல்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் இருந்தும் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு செல்லையும் முழுதாகச் சார்ஜ் செய்து, முழுதாக இறக்கி, கொள்ளளவோடு அக மின்தடையையும் அளந்த பிறகே ஒத்தவற்றை ஒன்றாக இணைக்க வேண்டும். மல்டிமீட்டரில் மின்னழுத்தம் பார்ப்பது இதற்கு ஈடாகாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் பாதி நிறைந்திருந்தாலும் முக்கால் நிறைந்திருந்தாலும் ஏறக்குறைய 3.3 வோல்ட்தான் காட்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லைச் சார்ஜ் செய்யும் உச்ச வரம்பு 3.65 வோல்ட், நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகைக்கு 4.2 வோல்ட். இரண்டையும் ஒரே வரிசையில் கலப்பதும், ஒன்றுக்கான சார்ஜரை மற்றதற்கு மாட்டுவதும் தீ விபத்தில் முடியக்கூடும். உறைநிலைக்குக் கீழான குளிரில் சார்ஜ் செய்தால் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் மீளாது. உப்பிய, அடிபட்ட பேட்டரிக்கு இரண்டாம் வாழ்வு தேடவே கூடாது.

மறுசுழற்சிக்கு அனுப்புமுன் பேட்டரியை உப்புநீரில் மூழ்கடித்து, மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு 'சாகடிப்பது' இன்னொரு தவறான பழக்கம். முனைகள் அரித்துப்போய் மின்னிறக்கம் பாதியில் நின்றுவிடும் என்பதால், வெளியே செத்ததுபோல் தெரிவது உள்ளே உயிரோடிருக்கலாம். உருக்காலை முறையில் கோபால்ட்டும் நிக்கலும் மீளும், லித்தியமோ கசடோடு போய்விடும். அமிலத்தில் கரைத்துப் பிரிக்கும் முறையில் லித்தியத்தையும் மீட்கலாம். எந்த ஆலைக்கு அனுப்புவது என்பதைச் செல்லின் வகையே முடிவு செய்கிறது. அந்த வகையைக் குறித்த சீட்டைக் கிழிக்காமல் அனுப்பினால் ஆலைக்காரருக்கு உப்புநீரைவிட அதுவே பெரிய உதவி.