பிளாஸ்டிக் படலத்தில் நுண்கால்வாய்: ஆலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னடியன் கால்வாயில் மண் அடைத்தால் கடைமடை வயல் காயும். ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதிக்கும் பிளாஸ்டிக் சில்லுகளில் ஓடும் முடியளவு கால்வாய்க்கும் அதே கதிதான். கங்கைகொண்டான் சிப்காட்டில் இடம் பிடித்து, பிளாஸ்டிக் படலச் சுருளில் சூடான அச்சை அழுத்திக் கால்வாய் பதித்து, மேலே மூடி ஒட்டி இந்தச் சில்லுகளைச் செய்யலாமா என்று கேட்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

கல்லூரி ஆய்வகத்தில் பிடிஎம்எஸ் என்ற சிலிகான் ரப்பரில் வார்த்த வடிவத்தை அப்படியே படலச் சுருளுக்குக் கொண்டுவராதீர்கள். ரப்பர் வளைந்து கொடுத்து அச்சிலிருந்து கழன்றுவிடும். படலமாக வரும் அக்ரிலிக் என்ற விறைப்பான பிளாஸ்டிக் அப்படிக் கழலாது. ஆகவே கால்வாய்ச் சுவர்களுக்குச் சற்றே சரிவு வேண்டும்.

அதிகம் கெடுப்பது சூடு. அக்ரிலிக் ஏறத்தாழ 105 டிகிரியில் இளகும். நிக்கல் அச்சில் அழுத்தியபடியே 25 டிகிரி வரை ஆறவிட்டால், 10 சென்டிமீட்டர் நீளப் படலம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சுருங்கப் பார்க்கும். நிக்கலோ 0.1 மில்லிமீட்டர்தான் சுருங்கும். கால்வாயின் அகலமே 0.1 மில்லிமீட்டர் என்றால், இந்த இழுபறியில் சுவர் கிழியாமல் என்ன செய்யும்? படலம் விறைத்ததும், முழுக்க ஆறுமுன்பே அச்சைப் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது ஈரம். ஓர் ஐப்பசி அடைமழையில், உறை பிரித்த அக்ரிலிக் சுருளை ஒரு வாரம் வெளியிலேயே போட்டுவைத்தோம். சூட்டு உருளையில் ஏறியதும் கடுகைவிடச் சிறிய குமிழ்கள் கால்வாய் நெடுகப் பூத்தன. முழுச் சுருளும் வீண். அன்று பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. சுருளை மூடி வையுங்கள், ஏற்றுமுன் 80 டிகிரி அளவில் உலர்த்துங்கள். சிஓசி வகைப் பிளாஸ்டிக் ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சாது, விலைதான் கூடுதல்.

மூடி ஒட்டும்போதும் கவனம் தேவை. 1 மில்லிமீட்டர் அகலமும் 0.05 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள கால்வாயில், சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் மூடி தொய்ந்து அடியைத் தொட்டுவிடும். நடுவே சிறு தூண்கள் விடுங்கள். மூடியைப் பசைப் படலத்தால் ஒட்டுவதென்றால் அழுத்தத்தைக் குறையுங்கள், பசை பிதுங்கி வழியை அடைக்கும்.

பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) காட்டிய பிளாஸ்டிக் பரப்பில் நீர் நன்றாகப் படரும். ஆனால் நாள் செல்லச் செல்ல அந்தக் குணம் மங்கும், ஆகவே கிடங்கில் இருந்த சில்லுகளையும் சோதியுங்கள்.

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு கலப்பதுபோல இரண்டு திரவங்கள் இங்கே கலந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். இவ்வளவு குறுகிய வழியில் சுழலே கிடையாது; இரண்டும் அருகருகே ஓடும், ஊடுபரவல் மட்டுமே மெல்லக் கலக்கும். கலக்க வேண்டுமென்றால் கால்வாயின் அடியில் சாய்ந்த வரிப்பள்ளங்கள் வையுங்கள்.

ஒவ்வொரு சுருளிலும் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று துண்டு வெட்டி, சிவப்பு மை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.