கிடை போட வயல்காரரிடம் சம்மதம் கேட்பது

திருவாடானை, தொண்டிப் பக்கம் தை, மாசியில் நெல் அறுப்பு முடியும் முன்பே ஆட்டுக்கிடைக்கு, அதாவது எருவுக்காக ராத்திரி வயலில் ஆட்டை அடைத்து வைப்பதற்கு, பேசிவிடுங்கள். பட்டா ஒருவர் பேரில் இருக்கும், குத்தகைக்கு உழுபவர் வேறொருவராக இருப்பார். ஒருவரிடம் மட்டும் கேட்டால் பாதியில் கிளம்பச் சொல்வார்கள்.

எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி, கூலி பணமா நெல்லா, தண்ணீருக்கு எந்தக் கண்மாய் என்பதை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். குடிநீர் ஊருணியில் ஆட்டை இறக்கவே கூடாது.

பக்கத்து வயலில் மிளகாயோ பருத்தியோ நின்றால் அந்த வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். அந்தப் பக்கம் ஆட்டை அடைக்கும் பட்டியை இறுக்கிக் கட்டி, ஆள் படுக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள்.

தினமும் கிடையை இடம் மாற்றுங்கள். கிடை எழுந்ததும் உழச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்தால் மூத்திரச் சத்து காற்றோடு போய்விடும்.