கடை வெப்சைட்டுக்கு எந்த ஹோஸ்டிங் எடுப்பது?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ராத்திரி எட்டரை மணிக்கு, இளம்பிள்ளையில் சேலை விற்கும் என் நண்பரின் சைட் படுத்துவிட்டது. திறந்தால் ஒரு வெள்ளைப் பக்கம், அதில் "508 ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு" என்று ஒரே ஒரு வரி. சற்று முன்புதான் இன்ஸ்டாகிராமில் புது டிசைன் வீடியோ போட்டிருந்தார், அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்திருக்கிறார்கள். சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டோம், பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்று மறுநாள் காலையில் பதில் வந்தது. அந்த இரவு வந்த வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அதனால் ஹோஸ்டிங் (சைட்டை வைக்க சர்வரில், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில், வாடகைக்கு எடுக்கும் இடம்) பற்றி யார் கேட்டாலும், விலையைப் பேசும் முன் நான் கேட்பது இதுதான்: சைட் இரண்டு மணி நேரம் படுத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

பெரிதாக ஒன்றுமில்லை என்றால் ஷேர்டு ஹோஸ்டிங் போதும். கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி, லேத் பட்டறை மாதிரி முகவரி, போன் நம்பர், நாலு போட்டோ காட்டும் சைட்டுக்கு அதற்கு மேல் செலவு செய்வது வீண். ஷேர்டு என்பது ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான், ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சைட்கள் இருக்கும், யாரும் மொத்தத்தையும் இழுத்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். "அன்லிமிடெட்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் இந்த வரம்பு உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை என்ட்ரி ப்ராசஸ் (சர்வர் ஒரே சமயத்தில் உருவாக்கித் தரும் பக்கக் கோரிக்கைகள்), எவ்வளவு ரேம், மொத்தம் எத்தனை ஃபைல் (ஐனோடு என்பார்கள்) என்று கேளுங்கள். பல பிளான்களில் என்ட்ரி ப்ராசஸ் 20தான். சாதாரணப் பக்கத்தை கேஷிலிருந்து (முன்பே தயாராக வைத்த நகலிலிருந்து) எடுத்துக் கொடுத்துவிடலாம், ஆனால் கார்ட், செக்அவுட் பக்கங்களை ஒவ்வொருவருக்கும் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும், அதனால் வாங்க வருகிறவர்கள் கூடும்போதுதான் இந்த 20 தீர்ந்துபோகும். ஃபைல் கணக்கும் அப்படித்தான். வேர்ட்பிரஸ் என்ற சைட் மென்பொருளில் கடை நடத்த வூகாமர்ஸ் போட்டிருந்தால் நீங்கள் ஏற்றும் ஒரு போட்டோவை அது எட்டு, பத்து அளவுகளில் வெட்டி வைத்துக்கொள்ளும். 2,000 சேலைப் படம் ஏற்றினால் ஃபைல் 20,000ஐத் தொட்டுவிடும்.

ஆன்லைனில் பணம் வாங்கி விற்கிறீர்கள் என்றால் விபிஎஸ் எடுங்கள், அதாவது ஒரு சர்வரைப் பிரித்துத் தரும் தனிப் பகுதி. அதில் ரேமும் சிபியூவும் உங்களுக்கென்று ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் மேனேஜ்டா (பராமரிப்பு அவர்களுடையது), அன்மேனேஜ்டா என்று கட்டாயம் பாருங்கள். அன்மேனேஜ்டு மலிவு, பதிலுக்கு அப்டேட், ஃபயர்வால், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். லினக்ஸ் தெரிந்த ஆள் கூடவே இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள். க்ளவுட் (பல சர்வர்களிலிருந்து தேவையான அளவு வாடகைக்கு எடுப்பது) நல்லதுதான், கூட்டம் வரும்போது பெரிதாக்கி, முடிந்ததும் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் பயன்பாட்டுக்கு ஏற்ப பில் வருவதால் முதல் நாளே பட்ஜெட் அலர்ட் வைத்துவிடுங்கள். தனி சர்வர் சிறு கடைக்குத் தேவையே இல்லை.

சரி, கம்பெனியை எப்படிப் பார்ப்பது? முதல் வருட விலையை விடுங்கள், புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று பாருங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்காக இருக்கும், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வாடிக்கையாளர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் சர்வர் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கட்டும், அமெரிக்காவில் வேண்டாம். 99.9 சதவீத அப்டைம் (சைட் இயங்கும் நேரம்) என்பதற்கு மாதம் சுமார் 43 நிமிடம் படுத்திருக்கலாம் என்று பொருள். பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அவர்கள் சாட்டில் போய் அந்த என்ட்ரி ப்ராசஸ் கேள்வியைக் கேளுங்கள். நேராக ஒரு எண்ணைச் சொன்னால் நம்பலாம்.

பேக்கப்பை அவர்களிடம் மட்டும் விடாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தபோது, பேக்கப்பும் அங்கேயே இருந்த சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். வாரம் ஒரு காப்பி வேறு இடத்தில், உங்கள் கூகுள் டிரைவிலாவது, இருக்க வேண்டும். டொமைனும் (சைட்டின் இணைய முகவரி) உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில்தான் இருக்க வேண்டும். டிசைனர் தன் கணக்கில் வாங்கி வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், ஹோஸ்டிங் மாற்றுவதாக இருந்தால் ஆவணிக்குள் முடித்துவிடுங்கள், சீசன் நடுவில் கை வைக்காதீர்கள். டிஎன்எஸ் (சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்று காட்டும் பதிவு) மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஓரிரு நாள் ஆகலாம். புது இடத்தில் நீங்களே ஓர் ஆர்டர் போட்டு, பணம் கட்டி, ரசீது மெயில் வருகிறதா என்று பார்த்த பிறகு, இன்னும் ஒரு மாதம் பழைய கணக்கையும் வைத்திருங்கள்.