கத்திரி வெயிலில் ஒட்ட வெட்டிய புல்: வடசென்னை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்தில் லான் மஞ்சளடித்தால் பழி முழுவதும் வெயில்மேல் விழுகிறது. ஆனால் அருகம்புல் வகைகளுக்கும் சோய்சியா என்ற வெப்பதேசப் புல்லினத்துக்கும் 30 டிகிரிக்கு மேலான வெயில் வளர்ச்சிக்காலம்தான். அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் புல் வெட்டும் மெஷினும் ஹோஸ் பைப்பும்.

ஆன்லைனில் பச்சைப்பசேல் படத்தோடு விற்கும் பென்ட், ரை, ஃபெஸ்க்யூ விதைகளை வாங்காதீர்கள். மூன்றும் குளிர்தேசத்துப் புல்; மண் 10 முதல் 18 டிகிரிக்குள் இருந்தால்தான் வேர் நன்றாக ஓடும். இரவிலும் புழுக்கம் அடங்காத ஊரில், பகலில் இலை தயாரித்த சத்தைச் சுவாசமே தின்றுவிடும். வேர் சுருங்கும், பிறகு புல் கும்பலாகச் சாகும்.

நாள் முழுக்க வெயில் விழும் இடத்துக்கு டிஃப்வே 419 என்ற கலப்பின அருகம்புல். கொளத்தூர், பெரம்பூர் போலக் கட்டடங்கள் நெருங்கி, கொஞ்சம் நிழல் விழும் முற்றத்துக்குச் சோய்சியாவில் ஒரு வகையான மணிலா புல். இன்னொரு வகையான கொரியன் புல் அழகுதான், ஆனால் மேடு மேடாகப் புடைக்கும்; ஒட்ட வெட்டினால் மேடெல்லாம் மொட்டையாகிவிடும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் சீஷோர் பாஸ்பாலம் என்ற கடலோரப் புல் தாங்கும்.

அடுத்து உயரம். கோல்ஃப் கிரீனில் 3, 4 மில்லிமீட்டருக்கு வெட்டுவது டிஃப்ஈகிள் போன்ற குட்டை ரகங்களை, கத்தரிக்கோல் போல நறுக்கும் ரீல் மூவரால், அநேகமாகத் தினமும். பிளேடு சுழன்று வெட்டும் வீட்டு ரோட்டரி மெஷினில் அதற்கு ஆசைப்படக் கூடாது. 419-ஐ 20 மி.மீ.க்கு வைத்திருந்தால் கோடையில் 25-க்கு ஏற்றுங்கள். இலை குறையக் குறைய வேரும் மேலேயே நின்றுவிடும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது: 20-க்கு வைக்க நினைத்தால் 30 ஆனதும் வெட்ட வேண்டும். இரண்டு வாரம் விட்டுவிட்டு ஒரேயடியாகச் சிரைத்தால் பழுப்புத் தண்டுதான் மிஞ்சும். வெட்டிய மறுநாள் ஓர் இலையைப் பிடுங்கிப் பாருங்கள். நுனி நூல்நூலாகப் பிரிந்து வெளுத்திருந்தால் பிளேடைச் சாணை பிடிக்க வேண்டும்.

சாயங்காலம் தண்ணீர் விடுவதுதான் இங்கே பெரிய தவறு. இரவெல்லாம் இலை ஈரமாகக் கிடந்தால் பூஞ்சைக்கு விருந்து. விடியற்காலை 5 முதல் 7 மணிக்குள் விடுங்கள். 100 சதுர அடியில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்றால் சுமார் 93 லிட்டர், அதாவது 15 லிட்டர் பக்கெட்டில் ஆறு. நீண்ட ஸ்குரூடிரைவர் 10 செ.மீ. சுலபமாக இறங்கினால் போதுமான ஈரம் இருக்கிறது. மத்தியானம் தெளித்துக் குளிரவைக்கலாம் என்பது இந்த ஈரக்காற்றில் அவ்வளவாகப் பலிக்காது. தண்ணீர் சீக்கிரம் ஆவியானால்தானே குளிரும்?

காலையில் எண்ணெய் தடவியது போலக் கறுத்த திட்டு, அதன்மேல் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் பித்தியம் நோய். மெஷின் சக்கரம் போன வழியிலேயே பரவும். ஈரப் புல்லில் மெஷினை ஓட்டாதீர்கள். பலரும் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை அடிக்கிறார்கள். பித்தியம் உண்மையான பூஞ்சை அல்ல, அதனிடம் கார்பென்டசிம் வேலை செய்யாது. மெட்டலாக்சில் கலந்த மருந்துதான் கேட்கும். அளவு பாக்கெட்டில் உள்ளபடி.

நோய் இருக்கும்போது யூரியா போடுவது எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. மற்ற நாளிலும் 100 சதுர அடிக்கு 50 கிராம் போதும். தூவியதும் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். நிறம்தான் வேண்டுமென்றால் பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு 20 கிராமை 10 லிட்டரில் கரைத்துத் தெளியுங்கள். டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது.

பாய் போல வெட்டி விற்கும் கார்பெட் புல் வாங்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் களிமண்ணைக் கவனியுங்கள். அதை அப்படியே மணல்மேல் விரித்தால் தண்ணீர் களியிலேயே தேங்கி, வேர் மணலுக்குள் இறங்காது. விரிக்கும் முன் பெரும்பகுதி மண்ணைக் கழுவிவிட வேண்டும். மேலே தூவ மணல் தேவைப்பட்டால் 100 சதுர அடிக்கு ஒரு கன அடி, 3 மி.மீ. கனம் வரும். உப்பு இருப்பதால் கடற்கரை மணல் ஆகாது.