பெயர் ஒன்று, பொருள் வேறு: ஓசிஆர் கோப்புகளை மாற்றும்போது நேரும் தவறுகள்

பழைய புத்தகப் பக்கம் ஒன்றை ஸ்கேன் செய்து ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக்கும் மென்பொருள்) ஓட்டினால் எழுத்து மட்டும் வெளியே வருவதில்லை. எந்த வரி எங்கே இருக்கிறது, எந்தச் சொல்லில் இயந்திரத்துக்கு எவ்வளவு நிச்சயம், எது தலைப்பு, எது பக்க எண் என்பதெல்லாம் ஒரு கோப்பில் சேர்ந்தே வரும். அந்தக் கோப்புக்குத்தான் ஒரே வடிவம் கிடையாது. 2004-இல் வெளிவந்து, இப்போது அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பராமரிக்கும் ஆல்ட்டோ. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்து பிரைமா ஆய்வகம் உருவாக்கிய பேஜ் எக்ஸ்எம்எல். இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எல்லாவற்றையும் பொதிந்து வைக்கும் எச்ஓசிஆர். இவை மூன்றும் பரவலாகப் புழங்குகின்றன. ஒன்றை இன்னொன்றாக மாற்ற நிரல் எழுத உட்காருபவர் முதலில் ஒரு பெயர்ப் பட்டியல் போடுவார்: அங்கே இந்த ஆட்ரிபியூட் (ஒரு தகவலைத் தாங்கும் பெயரிட்ட புலம்), இங்கே அந்த ஆட்ரிபியூட். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சிக்கலும் அந்தப் பட்டியலில்தான் தொடங்கியது.

பெயர் வேறுபட்டால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். பெயர் ஒன்றாக இருந்து பொருள் மாறும்போதுதான் ஏமாந்துபோகிறோம். ‘பேஸ்லைன்’ என்பதையே பாருங்கள். எழுத்துகள் உட்கார்ந்திருக்கும் அடிக்கோடு அது. மூன்று வடிவங்களிலும் அதே பெயர்தான். பேஜ் எக்ஸ்எம்எல்லில் அது புள்ளிகளின் வரிசை. எச்ஓசிஆரில் பெரும்பாலும் இரண்டே எண்கள்: கோட்டின் சாய்வு, வரிப்பெட்டியின் இடது கீழ் மூலையிலிருந்து அதன் விலகல். ஆல்ட்டோவின் பழைய பதிப்புகளில் ஒற்றை எண். பின்னால் வந்த பதிப்புகள் புள்ளி வரிசையையும் ஏற்கின்றன. பெயரை நம்பி மதிப்பை அப்படியே நகலெடுத்தால், எச்ஓசிஆரின் இரண்டு எண்கள் ஒரு புள்ளியின் ஆயத்தொலைவுகளாக வாசிக்கப்படும். பிழைச் செய்தி வராமலே போகலாம்.

சொல்லையோ வரியையோ சுற்றி நிற்கும் பெட்டியைக் குறிக்கும் ‘பிபாக்ஸ்’ இதைவிட ஏமாற்றும். எச்ஓசிஆரில் அது இடது, மேல், வலது, கீழ். படங்களில் எது எங்கே இருக்கிறது என்று குறிக்கப் பயன்படும் கோகோ வடிவத்தில் அதே பெயருக்கு இடது, மேல், அகலம், உயரம் என்று பொருள். இரண்டிலும் நான்கு எண்கள்தான். ஒன்றை மற்றொன்றாக வாசித்தால் பக்கத்தின் இடது மேல் மூலையில் இருக்கும் சொற்களுக்குப் பெட்டி ஏறத்தாழச் சரியாகவே விழும். வலப்புறமும் கீழேயும் போகப் போகத்தான் பெட்டி ஊதிக்கொண்டே போகும். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு ‘சரியாக வருகிறது’ என்று முடிவு கட்டுவது அதனால்தான் ஆபத்து.

அலகும் அப்படியே. ஆல்ட்டோ கோப்பின் தலைப்பகுதியில் அளவை அலகு என்ன என்று எழுதியிருக்கும். பிக்சலாக இருக்கலாம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகவோ, அங்குலத்தில் 1200-இல் ஒரு பங்காகவோ இருக்கலாம். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேன் செய்த பக்கத்தில் 1 பிக்சல் என்பது அந்தக் கடைசி அலகில் 4. 2400 பிக்சல் அகலப் பக்கம் 9600 ஆகிவிடும். தலைப்பகுதியைப் படிக்காமல் அகலத்தை மட்டும் எடுக்கும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம்பக மதிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் நூல்களை மின்னுருவாக்குபவர்களை இது நேரடியாகத் தொடுகிறது. ஆல்ட்டோவில் சொல்லின் நம்பகம் 0 முதல் 1 வரை. எச்ஓசிஆரில் 0 முதல் 100 வரை. இதை வகுத்துச் சரிசெய்யலாம். ஆனால் ஆல்ட்டோவிலேயே தனி எழுத்துக்கான நம்பகம் தலைகீழ்: 0 என்றால் நிச்சயம், 9 என்றால் சந்தேகம். போதாக்குறைக்கு, எழுத்து ஒன்றுக்கு ஓர் எண் வீதம் கொடுக்கச் சொல்கிறது. எது எழுத்து? ‘கொடு’ என்பது நமக்கு இரண்டு எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் நான்கு குறியீட்டுப் புள்ளிகள்; கொம்பையும் காலையும் பிரித்து வைத்தால் ஐந்து. ஒரு மென்பொருள் நான்கு எண்களை எழுத, இன்னொன்று இரண்டை எதிர்பார்த்தால், சந்தேகக் குறி வேறு எழுத்தின் தலையில் போய் உட்காரும். மெய்ப்புத் திருத்துபவர் நல்ல எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்; தவறான எழுத்து அச்சுக்குப் போகும்.

ஆல்ட்டோவும் பேஜ் எக்ஸ்எம்எல்லும் எழுதப்படும் எக்ஸ்எம்எல்லில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஆல்ட்டோ ‘ஐடி’யைப் பெரிய எழுத்திலும், பேஜ் எக்ஸ்எம்எல் சிறிய எழுத்திலும் எழுதுகிறது. இதற்கு மருந்தாகப் பலர் ‘இது இல்லையென்றால் அது, அதுவும் இல்லையென்றால் 0’ என்று நிரல் முழுக்கத் தூவிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த 0 ஒரு பொய். அகலம் கிடைக்காத வரி, அகலமே இல்லாத வரியாகி, அடுத்த படியில் வடிகட்டப்பட்டுச் சத்தமில்லாமல் மறைந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் நிரல் நிற்கட்டும். எந்தக் கோப்பு, எந்த வரி என்று சொல்லிவிட்டு நிற்கட்டும்.

பதிப்பு எண்ணைப் பார்க்காமல் விடுவதும் இதே வகைதான். பேஜ் எக்ஸ்எம்எல்லின் 2010 பதிப்பில் ஒவ்வொரு புள்ளியும் தனி உறுப்பு. 2013 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே ஆட்ரிபியூட்டில் சரமாக வருகின்றன. கோப்பின் தொடக்கத்தில் வடிவத்தை அடையாளம் காட்டும் நேம்ஸ்பேஸிலேயே பதிப்புத் தேதி இருக்கிறது. முதலில் அதைப் படிக்க வேண்டும்.

இன்னொரு பழக்கம், இடம் கிடைக்காத தகவலையெல்லாம் ‘கஸ்டம்’ ஆட்ரிபியூட்டில் திணிப்பது. கையெழுத்தையும் பழைய அச்சையும் வாசிக்கும் மென்பொருளான டிரான்ஸ்கிரிபஸ் தன் பகுதி வகைகளையும் வாசிப்பு வரிசையையும் அங்கே தனக்கே உரிய எழுத்துமுறையில் வைக்கிறது. அதை அறியாத மென்பொருள் திறந்து சேமித்தால் தலைப்பு, ஓரக்குறிப்பு என்ற பாகுபாடே போய்விடலாம். வடிவத்திலேயே உரிய இடம் இருந்தால் அங்கேயும் எழுதிவையுங்கள்.

நான் இப்போது செய்வது இது. எந்த வடிவம் வந்தாலும் உள்ளே நுழையும் இடத்திலேயே ஒரே பெயர்முறைக்கு மாற்றிவிடுகிறேன். அதன் பிறகு நிரலில் எங்கும் அந்த வடிவத்தின் பெயர்கள் வராது. அலகைப் பெயரோடு ஒட்டிவிடுகிறேன்: வெறும் ‘அகலம்’ இல்லை, ‘அகலம்_பிக்சல்’. பிறகு ஆல்ட்டோவை பேஜ் எக்ஸ்எம்எல்லாக்கி, மறுபடி ஆல்ட்டோவாக்கி, மூலத்தோடு ஒப்பிடுகிறேன். இருபுறமும் ஒரே தவறு நடந்தால் அந்த ஒப்பீடும் தப்பவிட்டுவிடும். அதனால் கடைசியாகப் பெட்டிகளைப் பக்கப் படத்தின் மேலேயே வரைந்து, வலது கீழ் மூலைக்குப் போய், கடைசி வரியின் கடைசிச் சொல்லைச் சுற்றிப் பெட்டி சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிறேன்.